நீல எழுத்து ஆணுக்கு

...அப்படி அழுவதற்கு அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன், ஒருத்தி கரையில் விளக்கோடு நிற்கிறாள், ஒருத்தன் கடலில் இருக்கிறான், வருகிறேன் வருகிறேன் என்கிறான், வருவதில்லை, கதை முடிந்தது, இதற்குப் போய் டோஃபு விற்கிற கென்பெய் கைக்குட்டையைப் பிழிகிறான், கடைக்காரி யாசுயோ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்துகிறாள், ஒவ்வொரு வியாழக்கிழமைப் பகலும் இதே கூத்து. நான் கணவாய் மீன் பிடிக்கிற படகிலேயே கிடந்து கிழவனானவன், எனக்குத் தெரியும், வருகிற படகு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்காது, வந்து நிற்கும், மூன்று சரணத்திலும் மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லுகிறவன் எவனாக இருந்தாலும் அயோக்கியன், அவனை நம்பி நிற்கிறவள் முட்டாள்... முட்டாள் என்று சொல்லக் கூடாது, மிசாவோவைச் சொன்னதாக ஆகிவிடும், அந்தப் பாட்டு மிசாவோவுடையது. திரையில் ஓடுகிற வரியைப் பார்த்து மைக்கில் பாடுகிற இந்தக் கரோக்கே மதுக்கடையில் ஆளுக்கு ஒரு பாட்டு, ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடுவதில்லை, யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் தொட்டவனோடு அப்புறம் ஒருத்தரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை முதல் அந்தப் பாட்டுக்கு ஆளில்லை. மிசாவோவின் மகள் சனாயே காரோடு வந்து கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள், சாமான்கள் நேற்றே லாரியில் போய்விட்டன, தெற்கே ரொம்ப தூரத்தில், சைத்தாமாவில் மகள் வீட்டில் மிசாவோவுக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்களாம், கதகதப்பாக இருக்குமாம், பனி வாரத் தேவையில்லையாம், பனி வாராமல் ஒரு மனுஷி குளிர்காலத்தை எப்படிக் கழிப்பாள், சன்னலைப் பார்த்துக்கொண்டா...

என் சட்டைப் பையில் இருமல் மிட்டாய் டப்பா இருக்கிறது, உள்ளே மிட்டாய் இல்லை, காது மிஷின் இருக்கிறது, இது இங்கே யாருக்கும் தெரியாது. படகு இன்ஜின் பக்கத்தில் தூங்கி எழுந்த காது, வலது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி இருக்கும், அதனால்தான் ஸ்பீக்கரை ஒட்டிய மேஜை என்னுடையது, வேறு யாராவது உட்கார்ந்திருந்தாலும் யாசுயோ எழுப்பிவிடுவாள். காது டாக்டர் மிஷின் போடச் சொல்லி ரொம்ப நாளாகிறது, தன் சரக்கை வேண்டாம் என்று எவன் சொல்லுவான், நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மிசாவோ போகப்போகிறாள் என்று தெரிந்த மறுநாள் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏன் வாங்கினேன்... ஒரு தடவை ஒழுங்காகக் கேட்டுவிடலாம் என்றுதான், வேறொன்றுமில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தேன், ஃபிரிட்ஜ் முனகுகிறது, செருப்பு தரையில் இழுபடுகிறது, குழாய் சொட்டுகிறது, இத்தனை வருஷம் அமைதியான வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒரு மீன் சந்தை. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். காது கேட்காதவன் என்றால் ஜனங்களுக்கு இளக்காரம், முகத்துக்கு நேரே என்ன வேண்டுமானாலும் சொல்லுவார்கள், நானும் விடுவதில்லை, வாயைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவேன். அந்தக் காய்கறிக்காரி அதற்கும் மேலே, ஒரு நாள் அவள் கடையில் முள்ளங்கியை அமுக்கிப் பார்த்து, இது முள்ளங்கி இல்லை பிணம் என்று மனதுக்குள்தான் நினைத்தேன், அவள் நிமிர்ந்து, "பொணத்த எதுக்கு அமுக்கிப் பாக்குறீங்க பெரியவரே, வெச்சிட்டுப் போங்க" என்றாள். நான் நினைத்தது இவளுக்கு எப்படித் தெரிந்தது, மூஞ்சியைப் பார்த்தே மனதைப் படிக்கிற பொம்பளை, அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

கென்பெய் பாடிக்கொண்டிருக்கிறான். கழுத்துத் தடித்த ஆள், விடியுமுன் எழுந்து சோயா வேகவைத்து வேகவைத்துக் கையெல்லாம் சிவந்துபோனவன், மைக்கைப் பிடித்தால் சத்திரத்து வேலைக்காரியாகிவிடுவான், நீங்கள் விட்டுப்போன கோட்டை இன்னும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு குழைவான், ஒருத்தரும் சிரிப்பதில்லை, எங்கள் பக்கத்தில் ஆம்பிளை அழ வேண்டுமென்றால் பொம்பளையாகித்தான் அழ வேண்டும், பாட்டு எழுதுகிறவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது, அதில்தான் அவர்கள் பிழைப்பு. எனக்கு அந்த வித்தை கிடையாது, நான் பாடுவதில்லை, இந்தக் கடையில் பாடாத ஆள் நான் ஒருத்தன்தான். யாசுயோ வெந்நீர் கலந்த ஷோச்சுச் சாராயத்தை என் முன்னால் வைத்தாள், வேகவைத்த முள்ளங்கி ஒரு தட்டில், குனிந்து என் இடது காதுப் பக்கம் சத்தமாக, "என்னண்ணே, இன்னைக்காச்சும் எந்திரிச்சு நின்னு பாடுவீங்களா, இல்ல எப்பவும் போலவா?" என்றாள். நான் எப்போதடி பாடினேன் என்றேன். அவள் கென்பெய்யைப் பார்த்தாள், அவன் பாட்டுக்கு நடுவிலேயே தரையைப் பார்த்தான். இதுதான் எனக்குப் பிடிக்காதது, இந்தப் பார்வை, ரொம்ப நாளாகவே இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது, நான் பக்கத்தில் இருந்தால் கண்ணாலேயே பேசிக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்காமல் விட மாட்டேன்.

மிசாவோ மறுகோடியில் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், முடியைப் புதிதாக வெட்டிக்கொண்டிருக்கிறாள், பின்கழுத்து சிறு பிள்ளையுடையது போல வெறுமையாக இருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சனாயே போனைப் பார்த்துவிட்டு, அம்மா, ஒரே பாட்டுதானே, பனி வலுக்கறதுக்குள்ள மலைப்பாதையத் தாண்டணும் என்கிறாள் போலிருக்கிறது, வாயசைவு அப்படித்தான் இருந்தது, மிசாவோ ஒரு விரலைக் காட்டினாள். ஒரே பாட்டு. அந்தப் பாட்டு ஜோடிப் பாட்டு, அதுதான் விஷயமே, திரையில் பெண் பாட வேண்டியது சிவப்பு எழுத்தில் வரும், ஆண் பாட வேண்டியது நீல எழுத்தில் வரும், பாடப் பாட வெள்ளை எழுத்து நிறம் ஏறிக்கொண்டே போகும், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அது ஒரு வசதி, விரல் வைத்துப் படிப்பதைப் போல எழுத்துக்கூட்டி மனதுக்குள் கூடவே போவேன். மிசாவோ சிவப்பை மட்டும் பாடுவாள். நீலத்தை யாரும் பாட மாட்டார்கள். அவள் இரண்டு மைக்கை எடுப்பாள், ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வாள், இன்னொன்றை மடித்த கைத்துண்டின் மேல் என் மேஜையில் வைப்பாள், ஸ்பீக்கர் பக்கம் அந்த ஒரு மேஜைதானே இருக்கிறது, பூசை மாடத்தில் செத்தவனுக்குச் சோற்றுக் கிண்ணம் வைப்பதைப் போல வைப்பாள். அவள் புருஷன் செத்துப்போய் ரொம்ப வருஷமாகிறது. நீல வரி வரும்போது இசை மட்டும் ஓடும், ஒரு குரலும் இருக்காது, அந்த இடத்தில்தான் எல்லோரும் அழுவார்கள், பாடுகிற இடத்தில் அழுதாலும் அர்த்தமுண்டு, ஒருத்தரும் பாடாத இடத்தில் போய் அழுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வரும். இன்னொன்றும் இடித்துக்கொண்டே இருந்தது, அந்த மனிதர் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர், திருவிழாவன்று எங்கள் படகில் ஏற்றினால் கரையைத் தாண்டுமுன் வாந்தி எடுத்தவர், அவருக்குப் போய் எதற்குக் கடல் பாட்டு... ஆனால் அவர் இடம் அவர் இடம்தான். நீட்டாத மைக்கை எடுப்பது எங்கள் ஊரில் இல்லாத பழக்கம், அதுவும் செத்தவனுக்கு வைத்ததை.

ஒரு தடவை அவள் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைப் பார்த்து வாங்கிப் போய் வாசலில் வைத்தேன். பட்டப்பகல், வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போங்களேன் என்றாள். படகில் வேலை இருக்கிறது என்றேன், அப்போது எனக்குப் படகே இல்லை, விற்றாகிவிட்டது, அது ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா. திரும்பினவன் சும்மா வந்திருக்கலாம், விளக்கைக் காட்டி, "பகல்ல எதுக்கு இது எரியுது, கரண்டு தெண்டம்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், "அப்பிடியா சொல்றீங்க, தொகுஜி-சான்" என்றாள், அவ்வளவுதான். அணைக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், எரிந்துகொண்டுதான் இருக்கும். இன்று காலையிலும் எரிந்தது, லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது, திரைச்சீலைகூட இல்லாத வீடு, வாசலில் மட்டும் விளக்கு, மகளிடம் சொல்லி அணைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். விளக்கு என்றாலே எனக்கு ஆகாது. ஒரு வருஷம் மீன்பிடிப் பருவம் முடிந்து நான் கரைக்கு வந்தபோது என் வீட்டில் விளக்கில்லை, என் மனைவி சாகவில்லை, போய்விட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அரிசியைக் கழுவி ஊறவைத்துவிட்டுப் போயிருந்தாள், அந்த இருட்டில் சுவிட்சைத் தேடின கை இன்னும் எனக்கு ஞாபகமிருக்கிறது... அவளுக்கு நான் வருகிறேன் என்று எந்தக் காலத்திலும் சொன்னதில்லை, வந்தேன், ஒவ்வொரு தடவையும் வந்தேன், அது போதாதா.

கைதட்டுகிறார்கள், கென்பெய் முடித்துவிட்டான். நான் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தேன், விரல் மரத்துப்போயிருந்தது, சின்னத் திருகு சிக்கவில்லை, எதற்கு இந்த வேஷம் என்று கண்ணாடியில் இருந்தவனைக் கேட்டேன். மிஷின் காதுக்குள் போய் ஒரு தடவை கீச்சென்றது, உடனே தண்ணீரை யாரோ வடித்துவிட்ட மாதிரி எல்லாம் கரைக்கு வந்தது. வெளியே வந்தால் முதலில் பார்த்தது கென்பெய். "காதுல என்னண்ணே அது, நண்டு ஏதாச்சும் ஏறிடுச்சா?" என்று சிரித்தான், சிரித்த வாய் அப்படியே நின்றது, யாசுயோவைத் திரும்பிப் பார்த்தான். யாசுயோ கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள், அந்தச் சின்ன ஓசைகூட எனக்குக் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னாள், இப்போது அதுவே போதுமாக இருந்தது, "அண்ணே, இன்னைக்கு வேண்டாமே, அதக் கழட்டி வெச்சிடுங்க." ஏன் என்றேன். "ஸ்பீக்கர் பக்கத்துல காது வலிக்கும், அதான்." பொய். அவள் பொய் சொல்லும்போது துடைத்த இடத்தையே துடைப்பாள். அப்படியானால் நான் கேட்கக் கூடாதது இங்கே ஏதோ இருக்கிறது, இத்தனை நாள் என் காதுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, சரி, கேட்டுவிடுகிறேன், இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்று ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்தேன்.

மிசாவோ எழுந்து வந்தாள். என் காதைப் பார்த்தாள். மைக்கைக் கைத்துண்டின் மேல் வைக்கப் போன கை பாதியில் நின்றது, அவள் கட்டைவிரல் மைக்கின் கழுத்தில் இருந்த சுவிட்சைத் தடவிக்கொண்டே இருந்தது, போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதைப் போல, பிறகு தள்ளினாள், பச்சைப் பொட்டு ஒன்று எரிந்தது, மைக்கை என் முன்னால் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்து நின்றாள். செத்தவனுக்கு வைக்கிற மைக்கை எதற்கு எரியவிட வேண்டும் என்று தோன்றியது, அதற்குள் இசை வந்துவிட்டது. அவள் குரல்... அவள் குரல் நான் நினைத்துக்கொண்டிருந்தது இல்லை. இனிமையான குரல் என்று இத்தனை நாளும் வைத்திருந்தேன், அது இனிமையெல்லாம் இல்லை, ஓரங்களில் கிழிந்த குரல், சொல்லுக்குச் சொல் நடுவே மூச்சு சிக்குகிறது, மூடுபனியில் எது என் விளக்கென்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்பதைப் போல, இதைக் கேட்காமலா இத்தனை வியாழக்கிழமை இங்கே உட்கார்ந்திருந்தேன்... சிவப்பு எழுத்து முடிந்து நீலம் வந்தது, விளக்கை அணைக்காதே, வருகிறேன், நான் வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் போனேன், அப்போது ஸ்பீக்கரிலிருந்து ஒருவன் பாடினான். கிழவன். கரகரத்த குரல், சுருதியில் நிற்கவில்லை, இசைக்கு ஒரு மயிரிழை முந்திப் போனான், மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு பாடுவதைப் போலத் தூரத்திலிருந்து வந்தது, ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை, எவன் இவன், செத்தவன் இடத்தில் எவன் புகுந்தான் என்று கென்பெய்யைப் பார்த்தேன், கென்பெய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான், கதவைப் பார்த்தேன், சனாயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் வாயை மூடினேன். குரல் நின்றது.

முள்ளங்கி. அந்தக் காய்கறிக்காரி மனதைப் படிக்கவில்லை.

இரண்டாவது சரணத்துக்கு அவள் போய்விட்டாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முகமெல்லாம் கொதிக்கிறது, எத்தனை நாளாக, எத்தனை பேர் முன்னால், ஒருத்தனாவது சொல்லியிருக்கக் கூடாதா, சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை, இந்தக் கடைக்கே கால் வைத்திருக்க மாட்டேன், அது இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்கு ஒரு பாட்டு, ஒருவர் பாட்டை இன்னொருவர் தொடுவதில்லை, என் பாட்டையும் யாரும் தொடவில்லை. வருகிறேன் என்று மூன்று தடவை சொல்லுகிற அயோக்கியன்... சிவப்பு முடிந்தது, நீலம் வருகிறது, நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன், இசை மட்டும் ஓடியது, நான் எப்போதும் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அந்த மௌனம் இப்போதுதான் முதல்தடவையாக இந்தக் கடைக்குள் வந்தது, வெறும் எழுத்து யாரும் தொடாமல் நீலமாகிக்கொண்டே போனது, ஒருத்தர் கண்ணிலும் ஈரமில்லை, எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிசாவோ திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பாட்டுக்கு நடுவில் அவள் திரும்பி நான் பார்த்ததில்லை. அழவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு ஏதாவது மறந்துவிட்டோமா என்று கடைசியாக ஓர் அறையை எட்டிப் பார்ப்பார்களே, அந்த முகம். அணைக்காதே என்று இங்கே வாரா வாரம் சொன்னவன், வாசலில் போய் நின்றுகொண்டு கரண்டு தெண்டம் என்றிருக்கிறான். அப்பிடியா சொல்றீங்க, தொகுஜி-சான்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் இசை கொஞ்சம் நீளமாக ஓடும், எனக்குத் தெரியும், திரையில் கப்பல்துறையைக் காட்டுவார்கள், பனி விழும். வெளியே நிஜமாகவே விழுந்துகொண்டிருக்கிறது, சனாயே கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டாள், அதன் வளையம் கிலுங்குவது கேட்கிறது, யாசுயோவின் அடுப்பில் தண்ணீர் கொதிப்பது கேட்கிறது, அவள் மூச்சு மைக்கில் கேட்கிறது. கைத்துண்டின் மேல் பச்சைப் பொட்டு எரிகிறது. நான் அதை எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, கையில் இருக்கிறது, நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. தெரியாமல் சொன்னபோது அது ஒரு மாதிரி, இப்போது தெரிந்து சொல்ல வேண்டும், சைத்தாமாவுக்குப் போகிறவளிடம், சாமானெல்லாம் லாரியில் போய்விட்ட பிறகு, வருகிறேன் என்றால் எங்கே வருவதாக அர்த்தம், சொல்லிவிட்டு வராமல் போனால் நான் யார், வருகிற படகு சொல்லிக்கொண்டிருக்காது என்று சொன்னவன் நான்தானே... ஆனால் சொல்லாமலே வந்து வந்து நின்ற வீட்டில் ஒரு நாள் விளக்கில்லையே. அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள், எது என் விளக்கென்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியும், இன்று காலையில்கூடப் பார்த்தேன், காலி வீட்டில் எரிந்துகொண்டிருந்தது, அதை மறந்துவிட்டுப் போகிறாளா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறாளா, இத்தனை நாள் அவள் அழுதது நான் பாடியதற்கா, பாடுவது எனக்கே தெரியவில்லை என்பதற்கா, இதைக் கேட்க ஒரு பாட்டில் இடமில்லை. சிவப்பு முடிகிறது. முதல் எழுத்து நீலமாகிறது, நான் எழுந்து நிற்கிறேன்...